பயனர் யார்?
கல்லாப்பெட்டியின் வரலாறும் கட்டற்ற மென்பொருளின் எல்லையும்

1

கட்டற்ற மென்பொருள் பற்றி நம் தோழர்கள் பேசும்போதும் எழுதும்போதும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்து விழுகிறது. 'பயனர்' என்பது அந்தச் சொல். பயனருக்குச் சுதந்திரம் வேண்டும், பயனரின் கையில் கட்டுப்பாடு இருக்க வேண்டும், பயனரை நிறுவனங்கள் அடிமைப்படுத்தக் கூடாது. எல்லாம் சரி. இந்தப் பயனர் யார்? ஆணா பெண்ணா, சம்பளம் கொடுக்கிறவரா வாங்குகிறவரா, நாள் முழுக்க நிற்கிறவரா உட்கார்ந்திருக்கிறவரா? 'மனிதன்' என்ற பொதுச்சொல்லுக்குள் யாரெல்லாம் சேர்க்கப்பட்டார்கள், யாரெல்லாம் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதிய நாம் 'பயனர்' என்றதும் மட்டும் தலையாட்டிவிடுகிறோம்.

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் தங்கை தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் ஒரு மளிகைக் கடையில் மூன்று வருஷம் பில் போட்டாள். கடைக்காரர் எங்களுக்குத் தெரிந்தவர்தான். "வருஷா வருஷம் சாஃப்ட்வேர்காரனுக்குக் காசு அழ வேண்டியிருக்கு தம்பி" என்று அவர் அலுத்துக்கொண்டபோது, 2022இல், நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்த் திறந்த மூல பில்லிங் மென்பொருள் ஒன்றை அவருடைய பழைய கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தவன் நான்தான். மூலதனத்தின் பிடியிலிருந்து ஒரு சின்னக் கடையை விடுவித்துவிட்ட பெருமிதம் எனக்கு. எட்டு மாதம் கழித்துத் தங்கையின் சம்பளத்தில் 340 ரூபாய் பிடித்தார்கள். இருப்புக் கணக்கில் இரண்டு கிலோ துவரம்பருப்பு குறைந்திருக்கிறது. அந்த வாரம் அவள் பெயரில் இரண்டு தடவை துவரம்பருப்பு பில்லிலிருந்து நீக்கப்பட்டிருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டியிருக்கிறது. காசை வாங்கிக்கொண்டு பொருளைப் பில்லில் அழித்துவிட்டாள் என்பது அதன் அர்த்தமாம்.

"ரெண்டு தடவையும் வாங்க வந்தவங்க வேண்டாம்னு திருப்பிக் குடுத்தாங்கண்ணே. நாந்தான் ரேக்குல கொண்டுபோய் வச்சேன். எங்க, காட்டுங்கன்னு கேட்டேன். அது ஒனக்குக் காட்டாது, எனக்குத்தான் காட்டும்னுட்டாரு. நீ கொண்டாந்து போட்ட சாஃப்ட்வேரு என்னய மட்டுந்தாண்ணே எழுதி வைக்குது."

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. அது எப்படி உருவானது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

2

'கணக்கு' என்ற சொல் பழந்தமிழில் எண்ணை மட்டும் குறிக்கவில்லை. நூலுக்கும் அதுதான் பெயர். பதினெண்கீழ்க்கணக்கு என்ற தொகைப்பெயரில் அந்தப் பொருள் இன்னும் தங்கியிருக்கிறது. கணக்காயர் என்றால் ஆசிரியர். நக்கீரரின் தந்தை மதுரைக் கணக்காயனார் என்று சொல்லப்படுகிறார். ஆக, கணக்கு என்பது எழுதப்பட்ட பிரதி. பிரதி என்றால் அதை எழுதுகிறவர் யார், படிக்க அனுமதிக்கப்பட்டவர் யார் என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. ஊர் நிலமெல்லாம் கணக்குப்பிள்ளையின் எழுத்துக்குள் இருந்த காலத்தில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவன் தன் நிலம் எது என்பதற்கே அவர் வாயைப் பார்த்து நின்றான். 1980 நவம்பரில் தமிழக அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தபோது பறிபோனது வெறும் சம்பளம் அல்ல, எழுதும் அதிகாரம்.

கடைக்கு வருவோம். நாள்வழி, பேரேடு, கடன் நோட்டு என்று கடைக்காரரிடம் கணக்குகள் இருந்தன. கடன் நோட்டைப் பற்றி மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கடைகளில் அதற்கு ஒரு ஜோடி உண்டு. வாடிக்கைக்காரர் வீட்டிலும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். சாமான் வாங்கப் போகும் பிள்ளை அதைக் கையோடு கொண்டுபோகும். கடைக்காரர் தன் நோட்டில் எழுதுவதை அதிலும் எழுதிக் கொடுப்பார். மாதக் கடைசியில் இரண்டையும் வைத்துப் பார்ப்பார்கள். "நாலாந்தேதி எண்ணெய் வாங்கவே இல்லையே" என்று அம்மா சண்டைக்குப் போவது அந்தச் சின்ன நோட்டின் பலத்தில்தான். அதிகாரம் இதனால் சமமாகிவிடவில்லை. விலையையும் எடையையும் கடைக்காரரே தீர்மானித்தார். ஆனாலும் எழுதப்பட்டவரிடம் எழுத்தின் பிரதி ஒன்று இருந்தது.

கடையில் வேலை பார்த்த பையனுக்கு இந்தச் சின்ன நோட்டு கிடையாது. சொந்த ஊரிலிருந்து, பெரும்பாலும் சொந்தச் சாதியிலிருந்து கூட்டிவரப்பட்டு, கடையிலேயே சாப்பிட்டு, கடையிலேயே தூங்கி, சம்பளத்தை முதலாளியின் பேரேட்டிலேயே விட்டுவைத்து வளர்ந்தவன் அவன். அவன் கல்லாவில் கை வைக்காமலிருக்க எந்த எந்திரமும் தேவைப்படவில்லை. அவனுடைய அப்பா, மாமா, ஊர் எல்லாமே பிணை. உறவே அங்கே கண்காணிப்பாக இருந்தது. எனவே எந்திரம் வருவதற்கு முன்னால் நம் கடைகளில் நம்பிக்கை தழைத்திருந்தது என்று யாராவது கண்ணீர் விட்டால் நாம் அதில் சேர்ந்துகொள்ள வேண்டியதில்லை. நம்பிக்கை என்று சொல்லப்பட்டது இன்னொரு வகைப் பூட்டு.

3

உறவும் சாதியும் பிணை நிற்காத இடத்தில், முன்பின் தெரியாதவனைக் கூலிக்கு வைத்த இடத்தில்தான் எந்திரம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் என்ற ஊர். அங்கே மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டிக்கு ஊழியர்கள் காசை அமுக்குகிறார்கள் என்பது தீராத கவலை. 1878இல் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போனபோது, கப்பலின் சுழலி எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணிக் காட்டும் கருவி ஒன்றைப் பார்த்தார். சுற்றை எண்ண முடியுமென்றால் விற்பனையை எண்ண முடியாதா? சகோதரர் ஜானோடு சேர்ந்து அவர் செய்த எந்திரத்துக்கு 1879 நவம்பர் 4ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. 'ரிட்டியின் கறைபடாத காசாளர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே விஷயம் முழுக்க இருக்கிறது. கறைபடாத காசாளர் எந்திரம் என்றால், கறைபடிந்த காசாளர் யார்? எதிரே நிற்கிற மனிதர். முதல் எந்திரத்தில் காசு போடும் பெட்டிகூட இல்லை. கடிகார முகம் போன்ற வட்டத்தில் முள் நகர்ந்து தொகையைக் காட்டும், அவ்வளவே. காசை வைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல அது, காட்டிக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. பெட்டியும் மணியும் காகிதச் சுருளும் பிறகு வந்து சேர்ந்தவை.

இதை வாங்கிப் பெருந்தொழிலாக்கியவர் ஜான் பேட்டர்சன். அவருடைய கதை இன்னும் வெளிப்படையானது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றை அவர் நடத்திவந்தார். வியாபாரம் நடந்தும் லாபமில்லை. விற்பனையாளர்கள் வேண்டப்பட்டவர்களுக்கு விலையைக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு ரிட்டியின் எந்திரங்களை வாங்கி வைத்தார். கடை லாபத்துக்குத் திரும்பியது. 1884இல் அந்தத் தொழிலையே விலைக்கு வாங்கி 'நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர்' என்று பெயர் மாற்றினார். சுரங்கத்தில் வேலை செய்தவருக்குக் கடையில் வேலை செய்தவர் காட்டிய சலுகை, எந்திரத்தின் மொழியில் 'இழப்பு' ஆகிவிட்டது. அதைத் திருட்டு என்றும் சொல்லலாம், ஒருவகை ஒற்றுமை என்றும் சொல்லலாம். எந்திரத்துக்கு இரண்டாவது சொல் தெரியாது.

பேட்டர்சனிடம் தொழில் கற்றவர்களில் ஒருவர் தாமஸ் வாட்சன். போட்டியாளர்களை ஒழிக்கச் சதி செய்ததாக 1913இல் பேட்டர்சன், வாட்சன் உள்ளிட்ட நிறுவனத்தார் தண்டிக்கப்பட்டார்கள். 1915இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. ஊழியர் கறைபடிந்தவர் என்று எந்திரம் விற்றவர்கள் மீது நீதிமன்றத்தில் வந்த வழக்கு இது. பேட்டர்சனை விட்டுப் போன வாட்சன் தலைமையேற்ற இன்னொரு நிறுவனம்தான் 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது. ஆக, இருபதாம் நூற்றாண்டின் கணிப்பொறித் தொழிலுக்குக் கல்லாப்பெட்டி வழியாகவும் ஒரு கொடிவழி உண்டு.

அந்தக் கொடிவழி மறுபடி சந்தித்துக்கொண்ட இடம் பார்கோடு. பொருளின் மேல் கோடுகளாக எண்ணை அச்சடித்து ஒளியால் படிக்கும் யோசனைக்கு 1952லேயே காப்புரிமை தரப்பட்டிருந்தாலும், அமெரிக்க மளிகைத் தொழில் ஐ.பி.எம்.மின் வடிவத்தைப் பொதுக் குறியீடாக ஏற்றது 1973 ஏப்ரலில்தான். 1974 ஜூன் 26ஆம் தேதி, டேட்டனுக்குப் பக்கத்திலிருக்கும் ட்ராய் என்ற ஊரில், மார்ஷ் பேரங்காடியில் முதன்முதலாக ஒரு பொருள் அவ்வாறு பில் போடப்பட்டது. 67 சென்ட் விலையுள்ள ரிக்லி சூயிங்கம் கட்டு. கருவியைச் செய்தது பேட்டர்சனின் பழைய நிறுவனம். பொருளை வாங்கிய வாடிக்கையாளர் அதே அங்காடி நிறுவனத்தின் அதிகாரி. அன்றைக்கு அந்த இடத்தில் நிறுவனத்தின் கூலியாக நின்று பில் போட்டவர் ஷரன் புக்கானன் என்ற பெண். கல்லாப்பெட்டியின் நீண்ட வரலாற்றில் எந்திரத்தின் முன்னால் நின்றவரின் பெயர் பதிவாகியிருக்கும் அபூர்வமான சந்தர்ப்பம் அது.

அதே 1974இல்தான் ஹாரி பிரேவர்மனின் 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' வெளிவந்தது. வேலையைப் பற்றிய அறிவை உழைப்பாளியிடமிருந்து பிடுங்கி நிர்வாகத்தின் கையில் குவிப்பதே நவீன முதலாளியத்தின் போக்கு என்று அந்நூல் வாதிட்டது. கடை ஊழியர்கள் ஆலைத் தொழிலாளிகளைப் போல ஆக்கப்படுவார்கள் என்பதையும் பிரேவர்மன் பார்த்திருந்தார். விலையை மனசில் வைத்திருந்த விற்பனையாளருக்குப் பதிலாக, கோட்டை ஒளிக்கு நேரே காட்டும் கை. அமெரிக்காவில் நுகர்வோர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் இதை எதிர்த்தன. ஒவ்வொரு பொருளின் மேலும் விலை அச்சிடப்பட வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. மிச்சிகன் மாநிலம் 1976இல் இயற்றிய அத்தகைய சட்டம் 2011 வரை நீடித்தது. எழுத்தை எந்திரம் மட்டும் படித்தால் போதாது, வாங்குகிறவரும் படிக்க வேண்டும் என்பதுதான் இதன் சாரம். நம் சின்ன நோட்டின் வாதமும் இதுவேதான்.

4

இதுவரை சந்தேகத்துக்குரியவர் ஊழியர். இன்னொரு பக்கத்திலிருந்து அரசு வந்தபோது சந்தேகத்துக்குரியவர் கடைக்காரரே ஆனார். இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு முன்னோடி சென்னை மாகாணம். ராஜாஜி அமைச்சரவை 1939இல் அதற்குச் சட்டம் கொண்டுவந்தது. மதுவிலக்கால் இழந்த வருமானத்தை ஈடுகட்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. வரி வந்ததும் கடைக்கணக்கு கடைக்காரரின் சொந்த விஷயமாக இருப்பது நின்றுபோனது. 2007 ஜனவரியில் தமிழகத்தில் மதிப்புக் கூட்டு வரி, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. என்று ஒவ்வொரு கட்டமும் அவரை எழுத்துக்குள் இன்னும் ஆழமாக இழுத்தது. ஜி.எஸ்.டி. வந்த பிறகு கணிப்பொறியில்லாமல் கணக்குக் காட்டுவது பெரும்பாடு. பில்லிங் மென்பொருள் சிறு கடைகளுக்குள் பரவியதற்கு நவீனமாக வேண்டும் என்ற ஆசையைவிட இதுவே பெரிய காரணம்.

ஐரோப்பாவில் இது இன்னும் கடுமையாக நடந்தது. இத்தாலி 1983இலேயே வரித்துறை அங்கீகரித்த கல்லா எந்திரங்களைச் சட்டமாக்கியது. விற்பனையைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் கள்ள நிரல்கள் புழங்குவதைப் பற்றி 2013இல் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. பிரான்ஸ் 2018 ஜனவரி முதல் ஒரு விதி கொண்டுவந்தது. கல்லா மென்பொருளில் பதிவானது மாற்ற முடியாததாக, பாதுகாப்பானதாக, சேமித்துக் காப்பகப்படுத்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது அந்த விதி. 'மாற்ற முடியாத' என்ற சொல் கட்டற்ற மென்பொருளின் அடிமடியில் கைவைத்தது. மூல நிரலை யாரும் மாற்றலாம் என்பதுதானே அதன் உயிர்? பிரெஞ்சுக் கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் கவலை எழுப்பின, நிர்வாகத்தோடு பேசின, விளக்கங்கள் பெற்றன. 2017இல் அரசு விதியின் வரம்பைக் கல்லா மென்பொருளோடு நிறுத்திக்கொண்டது.

அந்த அமைப்புகள் செய்தது சரியே. நான் சுட்டிக்காட்டுவது வேறு ஒன்று. கடைக்காரரை அரசு சந்தேகித்தபோது 'சுதந்திரம்' என்ற சொல் உடனே எழுந்து நின்றது. நூற்றிச் சொச்சம் ஆண்டுகளாக ஊழியரை எந்திரம் சந்தேகித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு இந்தச் சொல் எழவில்லை. ஏன்?

5

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றக்கதை நமக்குத் தெரிந்ததுதான். எம்.ஐ.டி. ஆய்வகத்தில் புதிதாக வந்த அச்சுப்பொறிக்குத் தாள் சிக்கினால் சேதி சொல்லும் வசதியைச் சேர்க்க ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். மூல நிரலைத் தர மறுத்தார்கள். 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் பொது மக்கள் உரிமம் வந்தது. இயக்கவும் படிக்கவும் பகிரவும் மாற்றவும் உரிமை. இந்தக் கதையில் அச்சுப்பொறியைப் பயன்படுத்தியவரும் அதன் முன்னால் நின்று அவதிப்பட்டவரும் ஒரே ஆள். ஆய்வகத்தில் அது நடக்கும். கடையில் நடக்காது. கடையில் மென்பொருளை 'வைத்திருப்பவர்' ஒருவர், விசையைத் தட்டுகிறவர் இன்னொருவர்.

நம் நாட்டுக் கணக்கு மென்பொருளின் பிறப்பையும் பாருங்கள். 1986இல் பெங்களூரில் சியாம் சுந்தர் கோயங்கா தன் வியாபாரக் கணக்குக்குத் தகுந்த மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத்தை எழுதச் சொன்னார். 'டாலி' பிறந்தது. அது மூடிய மென்பொருள். திறந்த மூலத்தில் இந்தியாவிலிருந்து உலகம் முழுக்கப் போயிருக்கும் 'இ.ஆர்.பி.நெக்ஸ்ட்' மும்பையில் ருஷப் மேத்தா தொடங்கியது. அதற்கும் பின்னணி குடும்பத் தொழில்தான். ஒன்று மூடியது, மற்றது திறந்தது. இரண்டையும் ஈன்றது முதலாளியின் வீடு. கணக்கு எழுதியவரோ பில் போட்டவரோ தன் தேவைக்கு ஒரு மென்பொருளைப் பெற்றெடுத்த கதையை நான் கேள்விப்பட்டதில்லை.

சிறு கடைகளுக்கான திறந்த மூல மென்பொருள்களில் ஒரு கிளையை மட்டும் எடுத்து அதன் உள்ளே போய்ப் பார்ப்போம். ஸ்பெயினைச் சேர்ந்த அட்ரியான் ரொமேரோ எழுதிய 'லிப்ரேபோஸ்', பெயரிலேயே சுதந்திரம் என்ற சொல்லை வைத்திருந்தது. 2007இல் ஸ்பானிய நிறுவனமான ஓப்பன்பிராவோ அதைத் தன்வசமாக்கியது. ஓப்பன்பிராவோவின் கவனம் பெரிய கடைகளின் பக்கம் போனபின் வேறு ஆட்கள் அந்த நிரலை எடுத்து வளர்த்தார்கள். 'யூனிசென்டா', 'க்ரோமிஸ்' என்று கிளைகள் வந்தன. உரிமம் இருந்ததால்தான் இது நடந்தது. நிறுவனம் கைவிட்டாலும் நிரல் சாகாது என்பது சும்மா பேச்சல்ல என்று இந்தக் கிளை நிரூபித்திருக்கிறது. இதற்குச் சற்று மாறான கதை பெல்ஜியத்தின் ஓடூ. 2015இல் அது இரண்டாகப் பிரிந்தது. திறந்த சமூகப் பதிப்பு ஒன்று, கட்டணம் செலுத்துவோருக்கான மூடிய சேர்க்கைகளோடு இன்னொன்று.

லிப்ரேபோஸ் வழிவந்தவற்றைத் திறந்ததும் முதல் திரையில் நாலு பெயர்கள் நிற்கும். நிர்வாகி, மேலாளர், ஊழியர், விருந்தினர். கடையின் வர்க்கப் பிரிவினை முதல் திரையிலேயே வரிசை கட்டி நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் எதெது திறக்கும் என்பதை ஒரு கோப்பு வரிவரியாகச் சொல்கிறது. பில்லில் வரியைத் திருத்தலாமா, பணத்தைத் திருப்பித் தரலாமா, அறிக்கையைப் பார்க்கலாமா. இன்னும் உள்ளே போனால், யூனிசென்டாவின் தரவுத்தளத்தில் நீக்கப்பட்ட வரிகளுக்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. நீக்கிய நேரம், நீக்கியவர் பெயர், பில் எண், பொருள், எத்தனை. டேட்டனில் அடித்த மணிதான் இது. இப்போது ஓசையில்லாமல் அடிக்கிறது, அவ்வளவே. முன்பு மணி அடித்ததாவது ஊழியரின் காதில் விழுந்தது.

வாடிக்கையாளர் அட்டவணையிலும் ஒரு விஷயம் உண்டு. அவர் வைத்திருக்கும் கடன் என்று ஒரு கட்டம், அவருக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்சக் கடன் என்று ஒரு கட்டம். நம் கடன் நோட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நோட்டில் 'அதிகபட்சம்' என்று கட்டம் கிடையாது. "போன மாசமே பாக்கி நிக்குதே" என்று கடைக்காரர் இழுப்பார். "புள்ளைக்குக் காய்ச்சல் அண்ணாச்சி, சம்பளம் வந்ததும் தந்துர்றேன்" என்று பதில் வரும். அந்தப் பேரத்தில் அவமானமும் உண்டு, இரக்கமும் உண்டு, சாதி பார்த்து மறுப்பதும் உண்டு. கட்டம் இந்த மூன்றையுமே ஒரு எண்ணாகச் சுருக்குகிறது. சாதி பார்த்து மறுப்பது ஒழிந்தால் நல்லதுதான் என்று தோன்றும். ஆனால் அந்த எண்ணை நிரப்புகிறவர் அதே அண்ணாச்சிதான். வாடிக்கைக்காரரின் கையிலிருந்த சின்ன நோட்டு மட்டும்தான் காணாமல் போயிருக்கிறது.

6

உரிமத்தின் வாசகத்துக்குத் திரும்புவோம். பொது மக்கள் உரிமத்தின்படி மென்பொருளின் பிரதியைப் பெறுகிறவருக்குத்தான் உரிமைகள் சேரும். ஒரு நிறுவனம் தன் வேலைக்காக உள்ளுக்குள் பயன்படுத்துவதும் நகலெடுத்துக்கொள்வதும் பிறருக்கு வழங்குவதாகாது. அப்படியானால் என் தங்கை பிரதியைப் பெற்றவரல்ல. கடை பெற்றது, கடை என்பது கடைக்காரர். 2007இல் வந்த அஃபெரோ உரிமம் ஒரு படி முன்னே போய், பிணையத்தின் வழியாக மென்பொருளோடு ஊடாடுகிறவருக்கும் மூல நிரல் கிடைக்க வேண்டும் என்றது. அதுகூட நிரலைத்தான் தரும், பதிவைத் தராது. அவளுக்குத் தேவைப்பட்டது ஜாவா நிரல் அல்ல. தன் பெயரில் எழுதப்பட்ட அந்த இரண்டு வரிகள்.

இதை வைத்துக்கொண்டு கட்டற்ற மென்பொருளால் பயனில்லை என்று சொல்லக் கிளம்பினால் அது அபத்தம். நீக்கப்பட்ட வரிகளுக்கு அட்டவணை இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரிந்தது? திறந்திருந்ததால் தெரிந்தது. மூடிய மென்பொருளில் கடைக்காரருக்கேகூட எது எழுதப்படுகிறது, எங்கே போகிறது என்று தெரியாது. திறந்த மூலம் கண்காணிப்பை ஒழிக்கவில்லை. கண்காணிப்பின் பொறியமைப்பைப் படிக்கத்தக்க பிரதியாக்கியிருக்கிறது. சிறைச்சாலையின் கட்டட வரைபடம் கைக்குக் கிடைத்த மாதிரி. ஃபூக்கோவைப் படித்துவிட்டு அதிகாரம் எங்கும் பரவியிருக்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த நமக்கு, எந்த அட்டவணையில், எந்தக் கட்டத்தில், யாருக்கு அனுமதி என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. இது சின்ன விஷயமல்ல.

ஆனால் வரைபடத்தைப் படிப்பதால் கதவு திறக்காது. நானும் நண்பரும் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, ஊழியர் தன் பெயரில் பதிவானவற்றை மட்டும் பார்க்கவும், பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதவும் தோதாக ஒரு பக்கத்தை எழுதிச் சேர்த்தோம். மாற்றும் சுதந்திரத்தைப் பயன்படுத்தினோம். கடைக்காரர் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அதெல்லாம் எதுக்கு?" என்றார். மறுநாள் ஊழியருக்கான அனுமதிகளில் அந்தப் பக்கத்துக்கு நேரே இருந்த குறியை எடுத்துவிட்டார். அதற்கும் அவருக்கு முழுச் சுதந்திரம் உண்டு.

இங்கேதான் நிரலிலிருந்து சட்டத்துக்கும் சங்கத்துக்கும் நகர வேண்டியிருக்கிறது. 1936இன் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், பொறுப்பில் விடப்பட்ட பொருளோ பணமோ காணாமல் போனதற்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் ஊழியரின் கவனக்குறைவோ தவறோ நேரடிக் காரணமாக இருக்க வேண்டும், காரணம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்று கூறியது. 2019இன் ஊதியத் தொகுப்புச் சட்டமும் இந்த ஏற்பாட்டை வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் எழுதப்பட்டதைப் பார்க்காமல் எதற்குக் காரணம் சொல்வது? காகிதக் காலத்தில் எழுதப்பட்ட வாய்ப்பு, கடவுச்சொல் காலத்தில் வெறும் சடங்கு ஆகிவிட்டது.

ஜவுளிக் கடைகளில் நின்றே கால் வீங்கிய பெண்களைப் பற்றி 'அங்காடித் தெரு' 2010இல் பேசியது. கேரளத்தில் கடைப் பெண்கள் போராடி 2018இல் உட்காரும் உரிமை சட்டமாயிற்று. 2021இல் தமிழகமும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்றது. ஒரு நாற்காலியை உரிமை என்று ஒத்துக்கொள்ளவே இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அடுத்த கோரிக்கையாக, தன்னைப் பற்றி எந்திரத்தில் எழுதப்படுவதைப் பார்க்கவும் பிரதி எடுத்துக்கொள்ளவும் மறுப்பு எழுதவும் உரிமை வேண்டும் என்று கடைத் தொழிலாளர் சங்கங்கள் ஏன் கேட்கக் கூடாது? கட்டற்ற மென்பொருள் தோழர்கள் தங்கள் நாலு சுதந்திரங்களோடு, எழுதப்படுகிறவர் படிக்கும் சுதந்திரத்தையும் சேர்த்து விவாதிக்கலாமே? இரு தரப்பாரும் ஒரே ஊரில்தான் கூட்டம் போடுகிறார்கள். ஒருவர் கூட்டத்துக்கு மற்றவர் போவதில்லை. இந்த இதழைப் படிக்கும் நண்பர்களில் இரு தரப்பிலும் ஆட்கள் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

தங்கை அந்தக் கடையை விட்டுவிட்டாள். இப்போது ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். அங்கே இருப்பது மூடிய மென்பொருள், உள்ளே என்ன எழுதுகிறது என்று எனக்கும் தெரியாது. பில்லில் எதையாவது நீக்கினால் தேதி, பொருள், ஏன் நீக்கினோம் என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் அவள் தனியாக எழுதி வைத்துக்கொள்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்ன வயசில் மளிகைக் கடைக்குக் கையோடு கொண்டுபோன நோட்டு அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.